கம்பியில் தொங்கும் கார்

பெரம்பலூரில் எந்த டீக்கடை வாசலிலும் ஒரு புல்லட் நிற்கும். அதன் முன்சக்கரத்தில் கம்பிகளும் இருக்கும், ஹப்போடு சேர்த்து முடுக்கிய டிஸ்க்கும் இருக்கும். ராயல் என்ஃபீல்டு 2009இல் கொண்டுவந்த கிளாசிக் வண்டி இந்த ஜோடியை ஊரெங்கும் பரப்பிவிட்டது. அந்த வண்டியில் மூன்று பேர் ஏறிப் போனாலும் 'கம்பி தாங்குமா' என்று யாரும் கேட்பதில்லை. அதே ஜோடியை ஒரு பழைய காருக்குப் போடலாம் என்றால் மட்டும் பட்டறையில் முகம் மாறும். டிஸ்க் பிரேக் பிடிக்கிற பிடிக்குக் கம்பிச் சக்கரம் நெளிந்துவிடும் என்பார்கள். அந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதற்கு, பிரேக்கை மிதிக்கும்போது அந்த விசை எந்த வழியாகச் சாலைக்குப் போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்குப் பொருத்தமான கார் நம் சாலையிலேயே பிறந்தது. பெரம்பலூரைக் கடந்து திருச்சிக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலையின் வடகோடியில், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை இருந்தது. அங்கே 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரானது. பிரிட்டனில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. 948 சிசி என்ஜின், 13 அங்குலச் சக்கரம், நான்கிலும் டிரம் பிரேக். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் டிரையம்ப் நிறுவனம் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கைக் காரைச் செய்தது. அதற்கு முன்சக்கரங்களில் கிர்லிங் டிஸ்க் பிரேக் வைத்தார்கள். கேட்டவர்களுக்குக் கம்பிச் சக்கரமும் பொருத்திக் கொடுத்தார்கள். அதாவது ஹெரால்டின் சொந்தக் குடும்பத்திலேயே கம்பியும் டிஸ்க்கும் ஆலையில் வைத்தே சேர்ந்துவிட்டன. அதைவிடக் கடுமையான சோதனை அதற்கும் முன்பே நடந்திருந்தது. 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார்கள் முதலாம், இரண்டாம், நான்காம் இடங்களைப் பிடித்தன. அந்தக் கார்கள் ஓடியது கம்பிச் சக்கரத்தில்.

ஆகவே சேருமா என்பது கேள்வியே இல்லை. எப்படிச் சேர்க்கிறோம் என்பதுதான்.

அரியலூர்ப் பக்கம் இன்னும் சில வீடுகளில் மாட்டுவண்டிச் சக்கரம் சுவரில் சாய்ந்து நிற்கும். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதற்கு மேல் காய்ச்சி மாட்டிய இரும்புப் பட்டை. பாரம் குடத்தில் இறங்குகிறது. குடத்துக்குக் கீழே இருக்கும் ஆரக்கால் தூணாக நின்று அதைத் தாங்குகிறது. மரம் அமுக்கத்தைத் தாங்கும், அதனால் ஆரக்கால் தடிமனாக இருக்கிறது.

கார்க் கம்பி அப்படி நிற்காது. பென்சிலைவிட மெல்லிய கம்பியை மேலிருந்து அமுக்கினால் வளைந்துவிடும். ஆனால் அதே கம்பியை இழுத்தால் நூற்றுக்கணக்கான கிலோ தாங்கும். இந்தக் குணத்தை வைத்துத்தான் கம்பிச் சக்கரமே கட்டப்படுகிறது. ரிம்மில் கம்பியின் முனையைப் பிடிக்கும் நிப்பிளைத் திருகித் திருகி எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே விறைப்பாக இழுத்துவைக்கிறோம். ஹப் எல்லாத் திசையிலும் இழுபட்டு நடுவில் நிற்கிறது. காரின் எடை ஏறும்போது ஹப்புக்குக் கீழே உள்ள சில கம்பிகளின் விறைப்பு கொஞ்சம் குறைகிறது. மற்ற கம்பிகளின் இழுப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கீழ்நோக்கி இழுப்பது குறைந்து, மேல்நோக்கி இழுப்பது மிஞ்சுவதால் ஹப் கீழே போகாமல் நிற்கிறது. எந்தக் கம்பியும் எந்த நேரத்திலும் அமுக்கத்துக்கு வருவதில்லை. ஆரம்பத்தில் கொடுத்த விறைப்பு இருக்கும் வரைதான் இந்தச் சக்கரம் சக்கரம். விறைப்பு போய்விட்டால் அது வளையமும் கம்பிக் கட்டும்தான்.

பறக்கும் இயந்திரங்களைப் பற்றி யோசித்த ஜார்ஜ் கெய்லி 1808இல் இந்த இழுவிசைச் சக்கரத்தை எழுதிவைத்தார், எடை குறைய வேண்டும் என்பதற்காக. ஆனால் கம்பிகள் நேராக மையத்திலிருந்து ரிம்முக்குப் போனால் ஒரு குறை உண்டு. ஹப்பைத் திருகினால் ரிம் உடனே கூட வராது. கம்பிகள் எல்லாம் கொஞ்சம் சாய்ந்த பிறகே ரிம் நகரும். கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் இதற்கு வழி கண்டார். கம்பிகளை ஹப்பின் விளிம்பைத் தொட்டாற்போல் சாய்த்துப் பின்னினார். பாதிக் கம்பிகள் ஒரு பக்கம் சாயும், மீதிப் பாதி எதிர்ப்பக்கம் சாயும். நம் ஊர் சைக்கிள் கடையில் ஒரு கம்பி இன்னொன்றைக் குறுக்கே கடப்பதைப் பார்க்கிறோமே, அது இந்தப் பின்னல்தான். ஹப்பை எந்தப் பக்கம் திருகினாலும் பாதிக் கம்பிகள் கூடுதலாக இழுபடும், மறுபாதி சற்றுத் தளரும். திருகுவிசை உடனே ரிம்முக்குப் போய்விடும்.

பிரேக் விஷயத்தில் இந்தப் பின்னல்தான் உயிர். பழைய சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கும், கம்பிக்கு அதில் பெரிய வேலை இல்லை. டிரம்மானாலும் டிஸ்க்கானாலும் ஹப்பைப் பிடிக்கின்றன. ஹப்பை நிறுத்தினால் ரிம்மை நிறுத்த வேண்டியது கம்பிதான். எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் போடலாம். ஆட்களும் பையும் சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் பலமாக மிதித்தால் டயர்கள் சுமார் 800 கிலோ அளவுக்குப் பின்னோக்கி இழுக்கலாம். கார் முன்னால் குனிவதால் அதில் ஏறக்குறைய 70 சதவீதம் முன்சக்கரங்களுக்கு வரும், ஒரு சக்கரத்துக்கு 280 கிலோ. இது சாலையில், மையத்திலிருந்து 28 சென்டிமீட்டர் தள்ளி வேலை செய்கிறது. கம்பிகள் ஹப்பைப் பிடித்திருப்பதோ மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் அளவில். நெம்புகோல் கணக்கில் 280ஐ 28ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,570 கிலோ. 60 கம்பி உள்ள சக்கரமானால் ஒவ்வொரு கம்பிக்கும் 26 கிலோ. முப்பது கம்பிகளில் அது கூடுகிறது, முப்பதில் அது குறைகிறது.

26 கிலோ ஒரு நல்ல எஃகுக் கம்பிக்குப் பெரிய பாரமே இல்லை. ஆபத்து தளர்ந்த கம்பியில் இருக்கிறது. அதில் இழக்க 26 கிலோ விறைப்பு இல்லை என்றால் ஒவ்வொரு பிரேக்கிலும் அது முழுக்கத் தொங்கி, மறுபடி சுண்டி இழுபடும். ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் அந்த அசைவு போய்க் குவியும். ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்து, கடைசியில் அந்த இடத்தில் ஒடியும். ஒரு கம்பி ஒடிந்தால் அதன் பங்கு பக்கத்துக் கம்பிகளுக்கு ஏறும். பட்டறைக்காரர் பயத்தில் நியாயமான பாதி இதுதான். டிஸ்க்கைக் குறை சொல்வதைவிடக் கம்பியின் விறைப்பைப் பார்க்க வேண்டும். 48, 60, 72 என்று கம்பி எண்ணிக்கை வேறுபடும். பழைய 48 கம்பிச் சக்கரத்தில் இன்றைய ரேடியல் டயரைப் போட்டு நாற்கர சாலையில் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டயர் கூடுதலாகப் பிடித்தால் கம்பிக்கும் கூடுதலாக வரும்.

அப்படியானால் டிரம்மோடு விட்டுவிடலாமே என்றால், ஜி.எஸ்.டி. சாலை இப்போது ஹெரால்டு பார்த்த சாலை இல்லை. தொழுதூர் தாண்டி நூறில் வரும் கார் திடீரென்று குறுக்கே திரும்பும் டிராக்டருக்காக நிற்க வேண்டியிருக்கிறது. 1,000 கிலோ காரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் 386 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. நிற்பது என்றால் இதில் பெரும்பகுதியைப் பிரேக்கில் வெப்பமாக்குவது. ஒரு முன் டிஸ்க்கின் பங்கு 135 கிலோஜூல் என்றால், 4 கிலோ இரும்பு வட்டு ஒரே நிறுத்தத்தில் 70 டிகிரிக்கு மேல் சூடேறும். அடுத்தடுத்து நிறுத்தினால் கூடிக்கொண்டே போகும். டிரம் சூடாகி விரியும்போது, உள்ளேயிருந்து அதைப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகுகிறது. மிதி ஆழமாக இறங்குகிறது, பிடி குறைகிறது. டிஸ்க் சூடாகித் தடித்தால் அதைக் கவ்வும் பேடை நோக்கித்தான் வரும். மூடிய டிரம்முக்குள் வெப்பம் தங்குகிறது, திறந்த வட்டில் காற்று அடிக்கிறது. கம்பிச் சக்கரத்தின் இடைவெளிகள் அந்தக் காற்றுக்கு வழி விடுகின்றன.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க்கை மாட்டினால் போதும் என்று நினைத்தால் மிதியில் ஒரு பிரச்சினை வரும். டிரம்முக்குள் ஷூக்களைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் உண்டு. அதை எதிர்த்துக் குழாயில் சிறிது அழுத்தம் எப்போதும் நிற்கும்படி, டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்களில் ஒரு சின்ன வால்வு வைப்பது வழக்கம். டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் வளையம் முறுக்கிய நிலையிலிருந்து தன் இடத்துக்குத் திரும்பும்போது பேடை மயிரிழை அளவு பின்னுக்கு விடுகிறது, அவ்வளவுதான். அந்த வால்வு குழாயில் இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், ஹப் கொதிக்கும். டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டர் வேண்டும். இன்னொன்று, டிரம்மில் சுழற்சியே ஷூவைக் கூடுதலாக உள்ளே இழுத்துக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, காலின் பலம் அப்படியே தேவை. ஹெரால்டு இலேசான கார் என்பதால் பூஸ்டர் இல்லாமல் சமாளிக்கலாம்.

பொருத்தும்போது முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். பேடுகளைத் தாங்கும் காலிப்பர் டிஸ்க்கின் இருபுறமும் தோள் விரித்து நிற்கும். கம்பிகளோ ரிம்மிலிருந்து ஹப்பின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் சரிந்து இறங்கும். அந்தச் சரிவும் காலிப்பரின் வெளித்தோளும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காலிப்பரின் மேல் களிமண் உருண்டைகளை ஒட்டிவைத்து, சக்கரத்தை மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றிக் கழற்றிப் பார்த்தால் எங்கே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று களிமண்ணே காட்டிவிடும். ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஆள் உட்கார்ந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். ரிம்மின் உள்பக்கம் ஒட்டும் பேலன்ஸ் ஈயமும் காலிப்பரில் அடிபடும், அதை மறந்துவிடுகிறார்கள்.

ஹெரால்டில் சக்கரத்தை மாட்ட நான்கு ஸ்டட்தான். அதில் நேராக நட்டுப் போட்டு மாட்டும் கம்பிச் சக்கரமும் உண்டு. அழகு தேடுகிறவர்கள் நடுவில் ஒரே பெரிய நட்டு உள்ள வகையைத்தான் விரும்புவார்கள். அதற்குப் பல் வெட்டிய ஒரு அடாப்டரை நான்கு ஸ்டட்டிலும் முடுக்க வேண்டும், சக்கரத்தின் மையம் அந்தப் பற்களில் ஏறி உட்காரும். பல்லின் விட்டம் 42, 52 மில்லிமீட்டர் என வேறுபடும். பெரிய நட்டின் மரையும் அங்குலத்துக்கு 8 என்றும் 12 என்றும் இரண்டு வகை. ஸ்டட் நீளமாக இருந்தால் அடாப்டருக்கு வெளியே நீட்டி, சக்கரத்தின் மையத்தை முட்டி, அதை அடாப்டரின் கூம்பில் முழுதாக உட்காரவிடாது. பெரிய நட்டு இறுகியது போல இருக்கும், சக்கரம் ஸ்டட்டின் முனையில் நின்றுகொண்டிருக்கும். ஸ்டட்டை அடாப்டர் முகத்தோடு சமமாக வெட்ட வேண்டியது கட்டாயம். அடாப்டருக்கான நட்டும் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். ஹெரால்டு ஸ்டட் எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. விட்டம் 9.5 மில்லிமீட்டர்தான். லாரிப் பட்டறையில் கிடைக்கும் சில 10 மில்லிமீட்டர் நட்டுகள் அதில் ஏறிவிடக்கூடும். ஏறினாலும் மரையின் நுனியை மட்டும் பிடித்திருக்கும். ஒரு பலமான பிரேக்கில் உரிந்து வந்துவிடும்.

நடு நட்டில் மறைந்திருக்கும் அறிவியல்தான் எனக்கு மிகப் பிடித்தது. காரின் வலப்பக்கச் சக்கரத்துக்கு இடமரை, இடப்பக்கத்துக்கு வலமரை. கழற்ற வேண்டும் என்றால் எந்தப் பக்கமானாலும் நட்டைக் காரின் முன்பக்கமாகச் சுற்ற வேண்டும். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், முன்னோக்கி ஓடும் சக்கரம் நட்டைக் கழற்றிவிடாதா என்று. நடப்பது நேர் எதிர். சக்கர மையத்தின் வெளிமுனை கூம்பாக இருக்கும். நட்டின் உட்புறம் அதைவிட ஒரு துளி பெரிய குழிக்கூம்பு, மேலே கவிழ்ந்து உட்காரும். சற்றே தளர்ந்தால் என்ன ஆகும்? காரின் எடை அச்சையும் நட்டையும் கீழே அழுத்துகிறது, சாலை சக்கரத்தை மேலே தள்ளுகிறது. நட்டு உச்சியில் மட்டும் கூம்பைத் தொட்டுத் தொங்கும். சுழலும் கோலில் மாட்டிய வளையலை நினைத்துக்கொள்ளுங்கள். வளையலின் உள்சுற்று கோலின் சுற்றைவிட நீளம். கோல் ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்கும்போது வளையல் ஒரு சுற்றை எட்டியிருக்காது. நட்டும் அப்படியே ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தைவிட மயிரளவு பின்தங்குகிறது. பின்தங்குவது என்றால் பின்னோக்கித் திரும்புவது. பின்னோக்கித் திரும்பினால் இறுகும்படி மரையை வெட்டியிருப்பதால், ஓட ஓட நட்டு தானே இறுகும்.

இதே காரணத்தால், வலது அடாப்டரை இடதிலும் இடதை வலதிலும் மாற்றி மாட்டினால் ஓட ஓட நட்டு தளரும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் 30 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஹெரால்டின் சக்கரம் ஏறத்தாழ 17,000 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு சிறிய நகர்வானாலும் 17,000ஆல் பெருக்கிப் பாருங்கள். அடாப்டரில் பக்கம் குறித்திருக்கும், மாட்டுவதற்கு முன் அதை இருவர் பார்ப்பது நல்லது. அந்த நட்டை ஈயம் அல்லது செம்புச் சுத்தியலால் அடித்துத்தான் இறுக்க வேண்டும், இரும்புச் சுத்தியல் நட்டின் காதைச் சிதைத்துவிடும்.

பற்களுக்கு வேறு ஒரு எதிரி நம் மாவட்டங்களிலேயே இருக்கிறது. பல்லில் கிரீஸ் தடவித்தான் சக்கரம் ஏறும், கிரீஸில் தூசி ஒட்டும். அரியலூர் என்றதும் சுண்ணாம்புத் தூசியைத்தான் குறை சொல்வோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடல் விட்டுப்போன கிளிஞ்சல்களும் படிவுகளும்தான் அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி. ஆனால் சுண்ணாம்புக் கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3. கடினப்படுத்திய எஃகைக் கீற அதனால் முடியாது. கீறுவது குவார்ட்ஸ், கடினம் 7. பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகள் உதிர்ப்பதிலும், செம்மண் தூசியிலும் அது இருக்கிறது. கிரீஸில் ஏறிய குவார்ட்ஸ் மணல் பற்களை மெல்லத் தேய்க்கும். சிமெண்ட் தூசியின் தொல்லை வேறு. ஈரம் பட்டால் அது கடும் காரமாகிறது, நிப்பிளின் துத்தநாகப் பூச்சை அரிக்கிறது. கம்பி சேரும் இடுக்குகளில் கட்டியாகக் கெட்டிப்பட்டு சக்கரத்தின் சமநிலையையும் கெடுக்கிறது. மழைக்கு முன்னால் கழுவுவதுதான் மருந்து.

பல் தேய்ந்ததைக் கண்டுபிடிக்கப் பின்சக்கரத்தைத்தான் கேட்க வேண்டும். ஹெரால்டின் முன்சக்கரத்தில் பிரேக் விசை மட்டும் வருகிறது, பெரும்பாலும் ஒரே திசையில். பின்சக்கரத்தில் என்ஜின் ஒரு பக்கம் தள்ளும், பிரேக் மறுபக்கம் தள்ளும். பல் இரு முகத்திலும் தேயும். ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்கைத் தொடும் அந்த நொடியில் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் சக்கரமும் அடாப்டரும் பல்லுக்குப் பல் ஆடுகின்றன என்று பொருள். புதுச் சக்கரத்தைப் பழைய அடாப்டரில் ஏற்றினால் தேய்மானம் புதியதையும் தின்னும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ரிம்மில் ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு துளை இருப்பதால் மரபான கம்பிச் சக்கரத்தில் காற்று நிற்காது, டியூப் வேண்டும். நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை டயர் உருட்டிக்கொண்டிருக்கும் மாவட்டத்தில் டயருக்குப் பஞ்சமில்லை, ஆனால் 13 அங்குலத்துக்குச் சரியான டியூப்பைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும். டியூப்புக்கு அடியில் போடும் ரப்பர் நாடா கிழிந்திருந்தால் நிப்பிள் முனை குத்தும். சக்கரம் கிடைக்குமா என்ற கவலை தேவையில்லை. சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா ஆலை பழைய கார்களுக்கான கம்பிச் சக்கரங்களைக் கட்டி பிரிட்டனுக்கே அனுப்புகிறது. அதே பாடியில், டிவிஎஸ் குழுமமும் கிர்லிங்கின் தாய் நிறுவனமான லூகாஸும் கூட்டாக 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. இரண்டு கலைகளும் நம்மிடம் அறுபது ஆண்டுகளாக இருக்கின்றன.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 50 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள், பெரிய மாற்றம் செய்யாத கார்களைத்தான் அந்தப் பட்டியலில் ஏற்கின்றன. பிரேக்கை மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது பின்னால் வரும் தலைவலியைத் தவிர்க்கும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் நேரே நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. ஊருக்குள் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, நான்கு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் உரசுகிறது. நடு நட்டை மறுபடி சுத்தியலால் தட்ட வேண்டும், முதல் ஓட்டத்தில் கூம்புகள் ஒன்றோடொன்று பதிவதால் நட்டு கட்டாயம் கொஞ்சம் இடம் கொடுக்கும். பிறகு ஒரு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் சுண்டிக் கேட்கலாம். விறைப்பான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொட்டையாக ஒலிக்கும். மொட்டையாக ஒலித்த கம்பிக்குச் சாக்பீஸில் அடையாளம் வைத்து, கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் அந்தச் சக்கரத்தைக் கொடுத்துவிட வேண்டும்.